ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருந்த 37

தீபாவளிக்கு மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். ஃபேன் காற்று பட்டாலே உடம்பு நடுங்கியது. கர்ப்பத்தில் எனக்கு அப்போது 32-வது வாரம். இடுப்பு வலியும் முதுகு வலியும் ஏற்கெனவே இருந்தவைதான், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை உருட்டினால் உள்ளே குழிக்குள் வலித்ததுதான் புதிது. அத்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மழையில துணி எடுக்க ஓடுனேல்ல, அதான்" என்றார்.

எங்களுடையது விருதுநகர்ப் பக்கம் சின்ன ஊர். திங்கட்கிழமை காலை பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். காய்ச்சல் 102. "வைரல் ஃபீவர்தான், ஒரு ஊசி போட்டா விட்டுரும்" என்று இடுப்பில் ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன ஊசி என்று சீட்டில் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டி நின்றது. தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) குறைகிற நோயில் சதையில் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கசியும். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாதிரி வலி மருந்துகள் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். எட்டாம் மாதக் கர்ப்பிணிக்கு டெங்கு இல்லாவிட்டாலும் அவை ஆகாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சத்து மாத்திரை விஷயமாக ஊர் நர்சம்மா போன் செய்தார். குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். "எத்தனாவது நாள் காய்ச்சல்? மூணா? இன்னும் ரத்தம் பாக்கலையா? மத்தவங்க வேணா ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம், வயித்துப்பிள்ளையோட நீ பாக்கக் கூடாது. இப்பவே கிளம்பு." அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில ராத்திரி யோசிப்பதுண்டு.

என்எஸ்1 பாசிட்டிவ். டெங்குதான். என்எஸ்1 என்பது வைரஸே ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். முதல் நாலைந்து நாளில்தான் இந்தப் பரிசோதனை சரியாகப் பிடிக்கும். அதற்குப் பிறகு நம் உடம்பு தயாரிக்கும் ஐஜிஎம் என்கிற எதிரணுக்களைத்தான், அதாவது ஆன்டிபாடியைத்தான், தேட வேண்டும். ஆறாம் நாள் போய் என்எஸ்1 மட்டும் எடுத்து, நெகட்டிவ் வந்தது என்று நிம்மதியாகத் திரும்பினவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

என்னை முதலிலிருந்து பார்த்துவரும் மகப்பேறு மருத்துவர், போனவுடன் மாத்திரை டப்பாவைக் கேட்டார். பி.பி. வராமலிருக்க 12-வது வாரத்திலிருந்து ராத்திரி ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை போட்டுவந்தேன். அதை அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னார். அது ஆஸ்பிரின் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது "ராத்திரி மாத்திரை". கர்ப்பிணிகள் நிறையப் பேர் இதைச் சாப்பிடுகிறார்கள். காய்ச்சல் வந்தால் டப்பாவையே கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறினால் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் இதயத் துடிப்பும் ஏறும், அதனால் சூட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது என்றார்.

அன்று தட்டணு 1,38,000. வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்தது அந்த எண்ணைத்தான். புதன்கிழமை 96,000. அவ்வளவுதான், வீடு இரண்டாகிவிட்டது. மாமா யாரையோ பிடித்து நிலவேம்புக் கஷாயப் பொடி வாங்கிவந்தார். ஏழு மாதமாகப் பப்பாளி விற்கிற வண்டி தெருவுக்குள் வந்தாலே என்னை உள்ளே போகச் சொன்ன அத்தை, கொல்லையிலிருந்து பப்பாளி இலையைப் பறித்து அம்மியில் இடித்துப் பச்சையாக ஒரு டம்ளர் சாறோடு வந்து நின்றார். "பழந்தான் ஆகாது, இலை மருந்து." பயத்தில் மனுஷருக்கு எல்லா நியாயமும் வரும். போன் போட்டுக் கேட்டதில் மருத்துவர் இரண்டையும் வேண்டாம் என்றார். கர்ப்பத்தில் இவை பாதுகாப்பானவை என்று சொல்ல ஆதாரம் இல்லை. போதாததற்கு, சாறு குடித்து வாந்தி எடுத்தால் இருக்கிற நீரும் போகும். அத்தை அந்த டம்ளரை மல்லிகைச் செடியில் ஊற்றினார். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருத்துவர் கேட்டது வேறு. எவ்வளவு குடிக்கிறாய், எத்தனை தடவை சிறுநீர் போகிறாய். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்த என்னை உப்புச்சர்க்கரைக் கரைசல், கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர் என்று மாற்றச் சொன்னார். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை என்றால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் நேராகக் கிளம்பி வந்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை கண் விழித்தபோது உடம்பு ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. அம்மா குலசாமிக்கு நேர்ந்திருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, காசை உண்டியலில் போட எடுத்துவைத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது. எனக்குத்தான் ஏதோ சரியில்லை. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வலது விலா எலும்புக்குக் கீழே கல்லை வைத்த மாதிரி ஒரு கனம். குடித்த மோர் இரண்டு தடவை அப்படியே வெளியே வந்தது.

டெங்குவில் ஆபத்துக் காலம் காய்ச்சல் விடுகிறபோதுதான் தொடங்குகிறது. இது அன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில், சிலருக்கு ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இறங்கிவிடும். ஒன்று இரண்டு நாள் இது நீடிக்கும். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அமைதியில்லாமல் புரள்வது அல்லது துவண்டு கிடப்பது இதற்கான அடையாளங்கள். கர்ப்பிணிகள் பிறப்புறுப்பில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் எனக்கு மூன்று இருந்தன. வயிற்றுவலியைப் பிள்ளை உதைக்கிறது என்றும், வாந்தியை மோர் புளித்துவிட்டது என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு ரிப்போர்ட் வந்தது. தட்டணு 62,000. என் வீட்டுக்காரர் அங்கேயே ரத்தம் கொடுக்க ஆள் தேடி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்துவிட்டார். மருத்துவர் அந்த வரியைத் தாண்டி வேறொரு எண்ணில் விரலை வைத்தார். பிசிவி 37.

"மேடம், அது நார்மல்தானே? 36லேர்ந்து 46 வரைக்கும்னு பக்கத்துலயே போட்டிருக்கே."

"பெண்களுக்கு நார்மல். இவங்களுக்கு நார்மல் இல்ல."

என் கர்ப்பகால அட்டையைப் புரட்டி 28-வது வாரத்துப் பக்கத்தைக் காட்டினார். அதில் பிசிவி 31. முந்தின நாள், புதன்கிழமை, 33. இப்போது 37. பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் இடத்தின் சதவீதம். சாம்பாரில் தண்ணீர் வற்றினால் பருப்பு கூடினமாதிரி தெரியுமே, அதே கதைதான். சிவப்பணு கூடவில்லை, நீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வழக்கமான அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு கணிசம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் கிட்டத்தட்ட அங்கே வந்து நின்றேன், ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே.

கர்ப்பத்தின் தந்திரம் இது. பிள்ளைக்காக உடம்பு ரத்தத்தின் அளவை 40 முதல் 50 சதவீதம் வரை கூட்டிவிடுகிறது. அதில் நீர்ப்பகுதிதான் அதிகம் கூடுவது. ஆக, ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீட்டிய சாம்பார். அது வற்றும்போது சாதாரணக் கெட்டிக்கு வந்த மாதிரிதான் தோன்றும். நாடித்துடிப்பு கர்ப்பத்தில் எப்படியும் கொஞ்சம் கூடுதல், தட்டணு கொஞ்சம் குறைவு. அதனால் எந்த எண்ணையும் அதன் பக்கத்தில் அச்சடித்த அளவோடு ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை, நம்முடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அட்டையில் பிசிவி இல்லாமல் எச்பி (ஹீமோகுளோபின்) மட்டும் இருந்தால் அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம், ஏறக்குறைய வரும். என்னுடையது 10.4, மூன்றால் பெருக்கினால் 31.

மதியத்துக்குள் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே முதலில் வந்த சந்தேகம் வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தட்டணு குறைந்து, கல்லீரல் அளவுகள் ஏறினால் அது பி.பி. சம்பந்தப்பட்ட ஹெல்ப் (HELLP) என்கிற கோளாறாகவும் இருக்கலாம். அதற்கு வைத்தியம் பெரும்பாலும் பிரசவம்தான். டெங்குவிலோ அந்த நேரத்தில் கத்தி வைக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட முடியுமோ அவ்வளவு பாடுபடுவார்கள். இரண்டும் நேர் எதிர். பி.பி., சிறுநீரில் புரதம், மற்ற பரிசோதனைகள் எல்லாம் பார்த்து, டெங்குதான் என்று முடிவு செய்ய ஒரு மணி நேரம் ஆனது. வலி வராமல் இருக்கட்டும் என்று அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் தன் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

அடுத்த ஒன்றரை நாள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பிடிக்கிற விரல்கள். பி.பி.யில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இருக்கிற இடைவெளியைச் சத்தமாகச் சொல்வார்கள்: "முப்பது... இருபத்தெட்டு." அது இருபதுக்கு வந்தால் ஷாக்கில் போகிறது என்று அர்த்தமாம். மணிக்கொருமுறை டிரிப்ஸ் சொட்டின் வேகத்தை மாற்றினார்கள். வயிற்றில் கட்டிய பட்டையிலிருந்து பிள்ளையின் இதயச் சத்தம் குதிரை ஓடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நான் பயத்திலேயே போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை தட்டணு 28,000. வெளியே என் வீட்டுக்காரர் நான்கு பேரை ரத்தம் கொடுக்கத் தயாராக நிறுத்தியிருந்தார். மருத்துவர் ஏற்ற மறுத்துவிட்டார். ரத்தக்கசிவு இல்லை, பிரசவ வலியும் இல்லை. எண் குறைவு என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றினால் பலன் இல்லை, அதுவும் சீக்கிரம் அழிந்துபோகும், உடம்பில் நீர்ச்சுமைதான் கூடும். வலி வந்தாலோ கசிந்தாலோ உடனே வேண்டும், அதனால் அந்த நால்வரையும் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார். அவரோடு நாங்கள் கொஞ்சம் சண்டையே போட்டோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் சொட்டை நிறுத்தினார்கள். இந்த முறை அம்மா கோபித்துக்கொண்டார். "பக்கத்து பெட்டுக்கு பாட்டில் பாட்டிலா ஏத்துறாங்க, எம்பிள்ளைக்கு மட்டும் கழட்டிட்டாங்க." ஆனால் அன்று பிசிவி 33க்கு இறங்கியிருந்தது. சிறுநீர் தாராளமாகப் போனது. வெளியே கசிந்த நீரெல்லாம் ரத்தக்குழாய்க்குத் திரும்பி வருகிற நேரம் அது. அப்போதும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். கூட இரண்டு பாட்டில் ஏற்றினால் தெம்பு என்று நாம் நினைக்கிறோமே, டெங்குவில் அந்த இரண்டு பாட்டில் ஆளையே முடித்துவிடலாம்.

அன்று சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் கொஞ்சம் நிதானமாக நின்று பேசினார். "இதுக்கு முன்னாடி உனக்கு டெங்கு வந்திருக்கும்மா." இல்லவே இல்லை என்றேன். நான்காம் நாளே ஐஜிஜி என்கிற இன்னொரு வகை எதிரணு அதிகமாக இருந்ததைக் காட்டினார். முதல் தடவையாகத் தொற்றினால் ஐஜிஜி மெதுவாகத்தான் வரும். பழைய ஞாபகம் இருக்கிற உடம்புதான் அவ்வளவு வேகமாக அதைக் கொட்டும். அப்புறம் எனக்கு ஞாபகம் வந்தது. 2017, தமிழ்நாடு முழுக்க டெங்கு ஆட்டிப்படைத்த வருஷம். காலேஜ் ஹாஸ்டலில் நான்கு நாள் காய்ச்சலோடு படுத்திருந்தேன். ரசம் சாதம், பாராசிட்டமால், அவ்வளவுதான். யாரும் ரத்தம் பார்க்கவில்லை.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு ஏறக்குறைய ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. வேறொரு வகை வந்தால்தான் சிக்கல். பழைய எதிரணுக்கள் புது வைரஸை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்கும் அளவுக்கு அந்தப் பிடி பொருந்தாது. எதிரணு ஒட்டியதையெல்லாம் விழுங்குவதற்கென்றே சில வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவை இதையும் விழுங்கும், வைரஸ் உள்ளே போய்ச் சௌகரியமாகப் பெருகும். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியவரே கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்த கதை. இரண்டாவது தடவை டெங்கு வந்தால் முதல் தடவையைவிடக் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். கியூபாவில் 1977ல் முதல் வகை பரவியது. 1981ல் இரண்டாம் வகை வந்தபோதுதான் பெரிய அளவில் உயிர்கள் போயின.

"பிள்ளைத்தாய்ச்சிக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, அதான் இவ்வளவு படுத்திருச்சு" என்று அம்மா சொன்னதை மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளையில் பாதி அப்பாவுடையது. உடம்பின் கணக்குப்படி அது அந்நியம்தான். அதைத் தாக்காமல் பொறுத்துக்கொள்ள, கர்ப்பத்தில் எதிர்ப்பாற்றல் சில பக்கம் தணிந்தும் சில பக்கம் விழிப்பாகவும் தன்னை மாற்றி வைத்துக்கொள்கிறது. டெங்குவில் கசிவை உண்டாக்குவதில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ, நம் உடம்பு காட்டுகிற ஆவேசத்துக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி கூட வேண்டும் என்று கண்டதைக் கரைத்துக் குடிக்கிறோமே, எனக்கு அன்று அது கூடுதலாகவேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கையும் காலும் செக்கச்சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். உள்ளங்கையில் அரிப்பு தாங்கவில்லை. குணமாகிறதன் அடையாளம்தான் என்றார்கள். ஆனாலும் கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் பித்தநீர் தேங்குவதாலும் இருக்கலாம் என்று அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். நல்லவேளை, அது இல்லை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தேன். தட்டணு 1,10,000. அந்த நாலு பேருக்கும் அத்தை பிரியாணி போட்டார்.

வந்த அன்றே மார்த்தாண்டத்தில் இருக்கும் நாத்தனார் போன் செய்து அழுதார். 2021ல் கேரளத்தில் முதல் ஜிகா வைரஸ் நோயாளியாகக் கண்டறியப்பட்ட கர்ப்பிணி, அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பாறசாலைக்காரர். அதுபோல என் பிள்ளைக்கும் தலை சிறுத்துவிடுமோ என்று நாத்தனார் பயந்துவிட்டார். அதே ஏடிஸ் கொசுதான் டெங்கு, ஜிகா இரண்டையும் பரப்புகிறது, அதனால் குழப்பம் நியாயமானது. தலை சிறுத்துப் பிறப்பது ஜிகாவால் வருவது, அதிலும் முதல் மாதங்களில் வந்தால் ஆபத்து அதிகம். டெங்குவில் பயம் வேறு: குறைமாதப் பிரசவம், பிரசவத்தில் ரத்தப்போக்கு. பிரசவத்துக்கு முந்தைய வாரம், பத்து நாளில் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கும் தொற்றியிருக்கலாம், பிறந்த பிறகு அதையும் சில நாள் கண்காணிக்க வேண்டும்.

எனக்கு 38-வது வாரத்தில் பெண் பிறந்தாள், சுகப்பிரசவம். இடையில் ஐந்து வாரத்துக்கு மேல் போயிருந்ததால் அவளுக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, தட்டணு 2,10,000. ஆனால் அவளிடம் என் ஐஜிஜி இருக்கிறது. ஐஜிஎம் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, ஐஜிஜி தாண்டும், கடைசி மூன்று மாதத்தில் அதிகமாக. முதல் சில மாதம் அது அவளுக்குக் காவல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முடக்கும் அளவுக்குக் கீழே இறங்கி, ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மிச்சமிருக்கும் காலம் ஒன்று வரும். ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது மாதம். பாங்காக்கில் அந்த வயதுக் குழந்தைகளுக்கு முதல் தொற்றிலேயே டெங்கு கடுமையானதைக் கவனித்துத்தான் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவ விஞ்ஞானி இந்தக் கணக்கை எழுப்பினார். தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். காலண்டரில் அந்த நான்கு மாதத்துக்குக் கோடு போட்டுவைத்தேன். அந்த நாட்களில் பகல் தூக்கத்துக்கும் கொசுவலை. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. நாங்கள் ராத்திரி மட்டும் வலை கட்டிவிட்டுப் பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

கொசு எங்கிருந்து வந்தது என்பதை, நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா டார்ச் அடித்துக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் தெருவில் குடிதண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை. நீல டிரம் இரண்டில் பிடித்து, மேலே பலகையை வைத்து மூடியிருப்போம். பலகைக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கினவாம். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் போதும். எங்கள் ஊர்த் தண்ணீரும் கொசுவும் ஒரே முறைவைத்துத்தான் வருகின்றன. இன்னொரு இடம் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு. அப்படி ஒரு தட்டு இருப்பதே வாங்கி ஆறு வருஷத்தில் எங்களுக்குத் தெரியாது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்றார் அந்த அக்கா. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த தடவை தண்ணீர் தொட்டதும் பொரியும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் வைத்துத் தேய்க்க வேண்டும். இப்போது வாரம் ஒருமுறை மாமா டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்க்கிறார். பலகை போய், பழைய வேட்டியை விரித்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறோம்.

நான் மருத்துவர் இல்லை. என் உடம்பில் நடந்ததையும் எனக்குச் சொல்லித்தந்ததையும்தான் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தார். ஐந்தாம் மாதம். அட்டையை வாங்கிப் பார்த்தேன், பிசிவி எழுதவில்லை, எச்பி 10.8. மூன்றால் பெருக்கி, சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் 32 என்று எழுதி வட்டம் போட்டேன். அத்தை அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது என்னம்மா, பால் கணக்கா?" என்றார்.